கால் கோப்பைச் சோறு

என் அக்காவைக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியிலிருந்து கீழே இறக்க ஐந்து ஆண்கள் வேண்டியிருந்தது. பிரேதம் எடுக்க மலர்ச்சாலையிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்களால் ஏலாமல் பக்கத்து வீட்டுக்காரரும் வாசல் காவலாளியும் வந்து கைகொடுத்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. ஆனால் அது நாலு பேர் நெருக்கி நிற்கிற அளவுதான். நிற்கிறவர்கள் போகலாம், படுத்திருப்பவர் போக முடியாது. அதனால் அக்காவைப் படுக்கையோடு வைத்துக் கட்டி, படிவழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

நான் அவர்களுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்கினேன். இரண்டாம் மாடி வளைவில் முன்னால் பிடித்திருந்த பொடியன் மற்றவனைப் பார்த்து, "ஹெமின் அய்யே, ஹரி பரய்" என்றான். மெல்ல இறங்கு, சரியான பாரம் என்கிறான். கிழவிக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருப்பான். கொட்டாஞ்சேனையில் இத்தனை வருஷமாக மீன்காரனோடும் மரக்கறிக்காரனோடும் சிங்களத்தில் விலை பேசி வாங்கின எனக்கா விளங்காது? அவனிலும் பிழை இல்லை. தூக்குகிறவன் பாரமென்றால் பாரமென்றுதான் சொல்லுவான்.

அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். வெளியே போகிறபோது அவருடைய சேலை மடிப்பு ஒரு நாளும் குலைந்ததில்லை. பஸ்ஸில் அன்னிய ஆணின் தோள் பட்டாலே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவன் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவான். அந்த அக்காவின் சேலைத் தலைப்பு படியில் இழுபட்டுக்கொண்டு போனது. குனிந்து எடுத்து மேலே போடலாம் என்று பார்த்தேன். என் முழங்கால் மடங்கவில்லை. எட்டுமட்டும் கையை நீட்டினேன், எட்டவில்லை. இழுபட இழுபடக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் நாலு வயது வித்தியாசம். உடம்பு மட்டும் ஒரே அளவு. எங்கள் வீட்டில் எல்லாரும் பெருத்த உடம்புக்காரர்தான். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. ஒல்லியான பெண்ணைக் கண்டால் அக்கா, "பாவம், காத்துக்குப் பறந்திடும்" என்று சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்து, உடம்பைக் குறைத்தால்தான் வெட்டித் திருத்தலாம் என்று டொக்டர் சொன்னபோதும் அப்படித்தான் சிரித்தார். பிறகு சமையலறைக்குப் போகிறதை விட்டார். பிறகு வாசல்வரை போகிறதை விட்டார். கடைசி மூன்று வருஷம் கட்டில்தான். முழங்காலில் தொடங்கிக் கட்டிலில் முடிந்த கதையை நான் கிழமைக்கு ஒருதரம் பஸ்ஸேறிப் போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவரைப் புரட்டினதும் துடைத்ததும் மருமகள்தான். அந்தப் பிள்ளை வங்கியில் வேலை செய்தவள். வேலையை விட்டுவிட்டு மாமியைப் பார்த்தாள். அக்காவைக் கொண்டுபோன பிறகு அவள் வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அழவில்லை. முதுகு நேராக நிமிராமல் இருந்தது.

"சின்ன மாமி, நான் ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு பிள்ளை."

"நீங்களும் உங்கட முழங்காலைப் பாருங்கோ. உங்கட மகளுக்கும் ஒரு உடம்புதான் இருக்கு."

செத்தவீட்டில் சொல்கிற கதையா இது என்று எனக்குக் கொதித்தது. வெளியே வந்துவிட்டேன். ஆனால் அது உள்ளே போய் இருந்துவிட்டது.

அன்றே நான் முடிவெடுத்தேன், உடம்பைக் குறைக்கிறது என்று. படியில் இழுபட்ட சேலையைப் பார்த்த பிறகு ஒரு வாய் கூட வைக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு எட்டாம் நாள்வரைதான் நின்றது.

எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் செத்து எட்டாம் நாள் அளவில், அவர் உயிரோடு இருக்கும்போது விரும்பிச் சாப்பிட்ட எல்லாவற்றையும் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைக்கிறது. மச்சமும், அதுதான் மீனும் இறைச்சியும், படைக்கலாம். ஒன்றும் விடுபடக் கூடாது. அக்காவுக்கு என்னென்ன விருப்பம் என்று என்னைவிட ஆருக்குத் தெரியும்? எனவே சமையலுக்கு நான்தான் நின்றேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஈரல் கறி, நண்டு, கத்தரிக்காயைப் பொரித்து வைத்த குழம்பு, தேங்காய்ப்பால் தடிப்பாக விட்ட சொதி, பயற்றம் பணியாரம், உழுந்து வடை. கதிரையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்துகொண்டே சமைத்தேன். எண்ணெய் கொதிக்கிறபோது ஒரு நினைப்பு வந்தது. அக்காவைக் கட்டிலில் விழுத்தின சாமான் எல்லாவற்றையும் நானே ஒவ்வொன்றாகச் சட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. நினைத்தேன், ஆனால் கரண்டியை வைக்கவில்லை.

படைத்து முடிந்தது. எல்லாரும் சாப்பிட இருந்தார்கள். நான் ஒரு மூலையில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருந்ததை ஒன்றுவிட்ட தங்கச்சி கண்டுவிட்டாள்.

"என்ன அக்கா, சாப்பிடேல்லையோ?"

"வேண்டாம். வயிறு சரியில்லை."

"கூடப்பிறந்தவ நீங்கள் சாப்பிடாமல் எழும்பினால் அவவின்ரை மனம் ஆறுமோ? கொஞ்சமெண்டாலும் வையுங்கோ. இறைச்சி நீங்கள் வைச்சது எல்லோ, அவ இருந்தால் இன்னொரு கோப்பை கேட்டிருப்பா."

கோப்பையைக் கையில் தந்துவிட்டாள். கோப்பை என்றால் நாங்கள் சாப்பிடுகிற தட்டு. கொஞ்சம் என்று தொடங்கினேன். பிறகு இன்னொரு தரம் சோறு போட்டேன். பிறகு பணியாரம். கண்ணீர் ஓடுகிறது, கை வாய்க்குப் போகிறது. சுற்றியிருந்தவர்கள் என் துக்கத்தைப் பார்த்துத் தாங்களும் அழுதார்கள். அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு வர பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கொண்டக்டர் ஏதோ கத்தினான், பஸ் போய்விட்டது. மகள் ஓட்டோ பிடித்தாள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. இங்கே லிப்ட்டே இல்லை. என் புருஷன் இருக்கும்போது வாங்கின வீடு, அப்போது எனக்கு அந்தப் படிகள் ஒரு பொருட்டே இல்லை. இப்போது வீட்டில் நானும் மகளும்தான். அவள் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஒப்பிஸில் கணக்குப் பார்க்கிறாள். கலியாணம் சரிவரவில்லை. அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம். காலையில் சேலை உடுத்து, கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். நான் படுக்கையில் விழுந்தால் முதலில் அணையப்போவது அதுதான். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் படிப்புத் தேவையில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு மகள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நிறை பார்க்கிற மிசினில் ஏறச் சொன்னார்கள். தாதி, நாங்கள் மிஸ் என்று சொல்கிறவர், எண்ணைச் சத்தமாக வாசித்தார். வரிசையில் இருந்த அவ்வளவு பேருக்கும் கேட்டது. அந்த எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

டொக்டர் சிங்களத்தில் சொல்ல மிஸ் தமிழில் சொன்னார். "இருபது கிலோவாவது குறைச்சுக்கொண்டு வாங்கோ அம்மா. அதுக்குப் பிறகுதான் ஒப்பரேஷன். இந்தப் பாரத்தோட புது முழங்கால் வைச்சாலும் அது கனநாள் நிக்காது."

"குறைக்காட்டில்?"

மிஸ் டொக்டரைக் கேட்கவே இல்லை. "குறைக்காட்டில் நடக்கிறது நிண்டுபோகும்" என்றார்.

பிறகு எப்படிச் சாப்பிடுகிறது என்று சொல்லித் தந்தார். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ. மூன்று நேரமும் சாப்பிட வேண்டும், ஒரு நேரமும் விடக்கூடாது. எனக்கு நீரிழிவு, சீனி வருத்தக்காரி என்றபடியால் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஊருக்கே சமைத்துப் போட்ட எனக்கு ஒரு சின்னப் பெட்டை சாப்பிடச் சொல்லித் தருகிறாள் என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும்போது நான் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தேன்.

விரதம். விரதத்தில் என்னை வெல்ல ஆளில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடும் பாலோடும் இருந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, எதுவும் விட்டதில்லை. கால்வாசிச் சோறு என்று எண்ணியெண்ணித் தின்கிறது மனிசர் செய்கிற வேலையா? ஒரேயடியாக விட்டுவிடலாம். அதோடு இன்னொரு வசதியும் இருந்தது. மெலிகிறேன் என்று ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. டொக்டர் என்னைப் பெருத்துப்போனாய் என்று சொன்னார் என்பதை நான் ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்? அக்காவின் ஆத்துமாவுக்காக விரதம் என்றேன். எல்லாரும் நம்பினார்கள்.

மகள் மட்டும், "அம்மா, மிஸ் சொன்னது இதில்லை" என்றாள்.

"நீ பிறக்க முதல் நான் விரதம் பிடிச்சவள். எனக்குப் படிப்பிக்காதை" என்றேன்.

பகல் முழுக்க ஒன்றும் இல்லை. பொழுதுபட்ட பிறகு ஒரு நேரச் சாப்பாடு. விரதம் என்று கேள்விப்பட்டதும் கோயிலில் காண்கிறவர்கள் என்னை மதிப்பாகப் பார்த்தார்கள். மேல்வீட்டிலிருந்து மோதகம் வந்தது. கோயிலிலிருந்து பொங்கல் வந்தது. கீழ்வீட்டுப் பிள்ளை கதலி வாழைப்பழம் சீப்போடு கொண்டுவந்தாள். விரதக்காரிக்குக் கொடுத்தால் புண்ணியம், விரதக்காரி மறுத்தால் குறை. பகலெல்லாம் காய்ந்த வயிறு பின்னேரம் எதைக் கண்டாலும் விடவில்லை. சோறு சாப்பிடவில்லை, இடியப்பம்தானே என்று தேங்காய்ப்பாற் சொதியோடு சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்மசியில் நிறை பார்த்தால் முன்னையதைவிடக் கூட. மிசின் பழுது என்று நினைத்தேன். மகளை ஏறச் சொன்னேன், அவளுக்குச் சரியாகக் காட்டியது.

அதற்குப் பிறகு பின்னேரச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன். சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசையை மட்டும் விடவில்லை, டொக்டர் தந்தது என்று காலையில் வெறுவயிற்றில் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து படியேறுகிறபோது முதலாம் மாடியிலேயே கை நடுங்கத் தொடங்கியது. வேர்வை சேலையை நனைத்தது. கைப்பிடி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கீழ்வீட்டு வாசலில் அப்படியே குந்தி இருந்துவிட்டேன். விழவில்லை, இருந்தேன். அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

கீழ்வீட்டுப் பிள்ளை வேதக்காரி. மாதா படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சின்ன சிவப்பு லைட் எரியும் வீடு. ஓடிவந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்து, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியை வாயருகே கொண்டுவந்தாள்.

"வேண்டாம், நான் விரதம்."

"விரதம் பிழைச்சால் நான் மாதாவிட்டைச் சொல்லிச் சமாளிக்கிறன். குடியுங்கோ அன்ரி."

"உன்ரை மாதாவுக்கும் என்ரை முருகனுக்கும் என்ன..."

"அவை ரெண்டு பேரும் கதைச்சுப் பேசி முடிப்பினம். நீங்கள் முதல் குடியுங்கோ."

குடித்தேன். அவள் போன் பண்ண, மகள் ஒப்பிஸிலிருந்து ஓட்டோவில் வந்தாள். கைப்பை தோளிலிருந்து கழன்று முழங்கையில் தொங்க, வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"விரதமுமில்லை ஒண்டுமில்லை! உடம்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். அதை வெளியிலை சொல்ல இவவுக்கு வெக்கம். அதுதான் இந்தக் கூத்து."

கீழ்வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் சொன்னாள். மேல்வீட்டுக்காரி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழும்பி, ஒருவரையும் பார்க்காமல், மிச்சப் படியை ஏறினேன். மகளோடு ஒரு கிழமைக்கு மேல் கதைக்கவில்லை. அவள் சமைத்துவைத்ததைச் சாப்பிட்டேன், ஆனால் கதைக்கவில்லை. கோப்பையில் மரக்கறி பாதி இருந்தது, சோறு கால்வாசி இருந்தது. நான் மௌனமாக இருந்தபடியால் எதிர்த்துக் கேட்கவும் முடியவில்லை. உண்மையான தொடக்கம் அப்படித்தான் வந்தது. கோபத்தில்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல இனிமையாக ஒன்றுமில்லை. பசி என்றால் வயிற்றில் மட்டும் இருக்கிற பசியில்லை. பதினொரு மணிக்கு ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும் எடுத்துக்கொண்டு யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறதுதான் என் நாள். புருஷன் செத்த பிறகு அந்த நேரத்தில்தான் நான் ஒருவருக்கும் கடமைப்படாமல் இருப்பேன். பிஸ்கற்றை எடுத்துவிட்டால் அந்த யன்னலில் எனக்கு என்ன வேலை? வெறுந்தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். எழுபது வயதில் பிஸ்கற்றுக்கு அழுதேன் என்று சொல்ல எனக்கு ஆசையில்லை, ஆனால் அழுதேன்.

மகள் போனில் வீடியோக்கள் காட்டுவாள். பெருத்த வெள்ளைக்காரி ஒருத்தி அழுவாள், பிறகு மெலிந்து சிரிப்பாள், பின்னால் பாட்டுப் போகும். "பாருங்கோ அம்மா, உங்களுக்கும் ஏலும்" என்பாள். நிற்பாட்டச் சொன்னேன். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சல்தான் தந்தது. அவள் மெலிந்து கடற்கரையில் ஓடப்போகிறாள். நான் மெலிந்தால் கக்கூசுக்குத் தனியப் போகலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மனதைப் பிடித்து வைத்தது வேறு விஷயம். ஒருநாள் காஸ் முடிந்து புதுச் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மகள் அதை உருட்டி, தூக்கி, குசினிக்குள் அடுப்படியில் வைத்தாள். நிமிர்கிறபோது இடுப்பில் கையை ஊன்றினாள். ஒரு கணம்தான். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கதிரையில் இருந்தபடி அந்தச் சிலிண்டரைப் பார்த்தேன். நான் அதைப்போல எத்தனை? அன்று இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்படித்தான் போனது. நல்ல மனம் ஒருமுறை வந்தால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது நிற்கிற சாமானில்லை. ஒவ்வொரு கோப்பைக்கு முன்னாலும் திரும்பப் போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

கீழ்வீட்டுப் பிள்ளை அடிக்கடி வருவாள், என் கோப்பையை எட்டிப் பார்ப்பாள். "அன்ரி, இது உங்களுக்கோ, காகத்துக்கோ?" என்பாள். அவளோடு காலையில் வாசல் நடைபாதையில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடப்பேன். முழங்காலுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். இரண்டு முறை போய்வந்தால் நிற்க வேண்டும். "இண்டைக்கு இது போதும்" என்று அவள் சொன்னால் எனக்குச் சூடு வரும், இன்னொருமுறை போவேன். அவள் அதற்காகத்தான் சொல்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது.

உடம்பு மெல்ல இறங்கத் தொடங்கியது. சட்டை தொளதொளத்தது. முகம் வற்றியது. அதற்குப் பிறகுதான் மற்றத் தொல்லை வந்தது. எங்கள் ஆட்களிடம் வயது போனவள் மெலிந்தால் இரண்டே காரணம். ஒன்று, உள்ளே பெரிய நோய், வருத்தம். மற்றது, பிள்ளை சாப்பாடு போடவில்லை. கோயில் வீதியில் ஒரு தெரிந்த மனிசி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடியப்பா, எலும்பாய்ப் போனாய்? மகள் பார்க்கிறேல்லையோ? சம்பளமெல்லாம் சேலைக்கே போகுதாக்கும்."

மகள் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். முகம் கறுத்துப்போனது. ஒரு சொல் சொல்லவில்லை. நான் அவளை வளர்த்த முறை அது, பெரியவர்களுக்குத் திருப்பிச் சொல்லக்கூடாது என்று. எனவே சொல்ல வேண்டியது நான்தான்.

"அவள் என்னை நல்லாத்தான் பாக்கிறாள். நான்தான் மெலியிறன்" என்றேன். "முழங்கால் தேஞ்சுபோச்சு. குறைச்சால்தான் வெட்டுவினமாம்."

"இந்த வயசிலையோ?" அவளுக்குச் சிரிப்பு. "ஏன், ஆரும் பொம்பிளை பாக்க வரப்போகினமோ?"

"ஓம். வாறவைக்குத் தேத்தண்ணி நானே எழும்பிக் குடுக்கவேணும். அதுக்குத்தான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முழங்காலைப் பற்றி ஊரில் ஒருவருக்கு என் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். வீட்டுக்கு வந்ததும் மகள் என் காலுக்கு எண்ணெய் போட்டாள்.

பத்து மாதமளவில் பதினாலு கிலோ இறங்கியது. இன்னும் ஆறுதான். நான் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஆறு இறங்கும், வெட்டுவார்கள், கால் சரிவரும், பிறகு ஒருநாள் கோப்பை நிறையச் சோறு போட்டு ஆட்டிறைச்சிக் குழம்பு விட்டுச் சாப்பிடுவேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் நான் கீரை தின்றேன்.

போன மாதம் கிளினிக்குக்குப் போனோம். நிறை பார்த்த மிஸ்ஸுக்குச் சந்தோஷம். ஆனால் ஒப்பரேஷனுக்கு முன்னால் இருதயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கேன் எடுக்க அனுப்பியிருந்தார்கள். மயக்கம் கொடுக்கிற டொக்டர் அதன் முடிவைப் பார்த்தார். அவர் தமிழ் ஆள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கதைத்தார்.

"அம்மா, உங்கட இருதயம் பலமில்லை. மயக்கினால் திரும்ப எழுப்ப ஏலுமோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாமல் இருக்கு. இப்போதைக்கு வெட்டுறதை விடுவம். ஆறு மாதம் மருந்து போடுங்கோ, பிறகு பாப்பம்."

"பிறகு வெட்டுவியளோ?"

"வாக்குத் தர மாட்டன்."

"அப்ப நான் இவ்வளவு நாளும் பட்டினி கிடந்தது?"

"பட்டினி கிடந்தபடியால்தான் இண்டைக்கு நடந்து வந்து என்னோட கதைக்கிறியள். விட்டால் ஏறும். ஏறினால் முழங்காலும் போகும், இருதயமும் போகும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இருக்கும்வரைக்கும்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு எழும்பினோம். வெளியே நல்ல வெயில். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு சைவக்கடை. "இருப்பம்" என்றேன். மகள் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எனக்குச் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் இரண்டு உழுந்து வடையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். பத்து மாதமாக என் கோப்பைக்குக் காவல் நின்றவள். சீனிப் போத்தலை ஒளித்துவைத்தவள். ஒரு பிஸ்கற்றுக்காக என்னோடு சண்டை பிடித்தவள். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

முதல் வடையைச் சாப்பிட்டேன். சூடாக, மொறுமொறுவென்று இருந்தது. அவ்வளவு ருசியான ஒன்றை நான் அந்த வருஷம் சாப்பிடவில்லை.

"இன்னும் ஏதும் வேணுமோ அம்மா?" என்றாள்.

குரல் மிக மெதுவாக இருந்தது. வருத்தக்காரரோடு கதைக்கிற குரல்.

"என்ன?"

"இல்லை, விருப்பமெண்டால் ஒரு இனிப்பு வாய்ப்பனும் எடுங்கோ. பரவாயில்லை, சாப்பிடுங்கோ." பிறகு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு சொன்னாள்: "நான் ஒப்பிஸிலை ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன். வீட்டிலை இருந்து வேலை செய்ய விடுவினமோ எண்டு. விடாட்டிலும் பாதகமில்லை, ஏதோ சமாளிக்கலாம்."

டொக்டர் சொன்னபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது. என் பிள்ளை மனதுக்குள் என்னைப் படுக்கையில் கிடத்திவிட்டாள். தானும் கட்டில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டாள். இனி எனக்கு வடை என்ன, வாய்ப்பன் என்ன, கேட்டதெல்லாம் கிடைக்கும். அவளிடம் வாங்குகிற ஏச்சுப்பேச்சு மட்டும் கிடைக்காது.

"ஆரைக் கேட்டு வேலையை விடப்போறாய்?" என்றேன்.

"விடுறன் எண்டு சொல்லேல்லையே அம்மா."

"ஏன் என்னைப் பேசேல்லை?"

"என்னத்துக்குப் பேச?"

"சீனித் தேத்தண்ணி குடிக்கிறன். வடை திண்டிட்டன். இஞ்சை பார், ரெண்டாவதையும் கையிலை எடுத்திட்டன். பேசு."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வடையைப் பிடித்தபடியே இருந்தேன். எண்ணெய் விரலில் ஒட்டியது. மகள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வடையைத் தின்ன அவ்வளவு ஆசையாக இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தின்றிருப்பேன்.

"வையுங்கோ அதை" என்றாள். பழைய குரல். "வையுங்கோ எண்டு சொல்லுறன். சீனி வருத்தக்காரிக்கு இது என்ன தேத்தண்ணி? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

வைத்தேன். தேத்தண்ணியையும் தள்ளிவைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு காசு கட்டப் போனாள். நான் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து, முழங்கால் சொல்கிறதைக் கேட்காமல், எழும்பி நின்றேன். பசி அப்படியே இருந்தது.